பீடிக்கடையில் இருக்கிற தைரியம் வங்கியில் ஏன் வரவில்லை? முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருகிறவருக்கு 42 வயது. திருநெல்வேலிப் பக்கம், முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடையே ஒரு ஊர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறார். வீட்டுக்காரர் எர்ணாகுளம் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மூத்தவள் ப்ளஸ் டூ, சின்னவன் எட்டாம் வகுப்பு, கூடவே மாமியார். அவர் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். “பேரும் ஊரும் போடாத தங்கச்சி, மத்ததெல்லாம் எழுது, யாருக்காவது ஆகட்டும்” என்றார். அதனால் இங்கே அவர் அக்கா, அவ்வளவுதான். அடையாளம் காட்டிவிடும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஆலங்குளம், பாப்பாக்குடி வட்டாரத்தில் மகளிர் குழுக்களின் கணக்கு நோட்டுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவள். கடன் வாங்கிய பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காக நடத்தப்படும் கூட்டங்களில் “சிக்கனமாக இருங்கள், சேமியுங்கள், திட்டமிடுங்கள்” என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இந்தப் பேச்சு யாருக்காக என்றே எனக்குப் புரியாமல் போய்விட்டது. வாரம் ஆயிரம் ரூபாயில் வீடு நடத்துகிறவளுக்குச் சிக்கனம் சொல்லித்தர யாருக்குத் தகுதி இருக்கிறது? அக்காவின் கதையை விரிவாக எழுத இதுவும் ஒரு காரணம். அவருடைய பயம் ஊதாரித்தனத்தால் வந்ததில்லை, கணக்குத் தெரியாததாலும் வந்ததில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையும் அதற்குப் பிறகு தாமிரபரணியில் வந்த வெள்ளமும் இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் நனைந்த இலையில் பீடி சுற்ற முடியாது, கடையும் சில நாள் பீடி எடுக்கவில்லை. அந்த வாரம் கூலி இல்லை. குழுத் தவணை மட்டும் வழக்கம்போல வந்து நின்றது. ஜனவரி முதல் வாரம் குழு நோட்டு பார்க்கப் போயிருந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தூக்கமே வர மாட்டேங்கு தங்கச்சி, ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் விடியுத வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டே கிடக்கு” என்றார். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொன்னேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், வேறொன்றும் இல்லை என்றார்கள். நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் காட்டாமல் நேராகக் கணக்கு நோட்டைத் திறக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மனசு ரொம்ப நொந்திருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அந்தப் பயம் எப்படியெல்லாம் வெளிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை குழுத் தவணை என்றால் திங்கள் ராத்திரியே சோறு இறங்காது. வங்கியிலிருந்து தபால் வந்தால் பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகிவிடுவார். பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏடிஎம் அட்டையும் அதன் ரகசிய எண்ணும் கொழுந்தன் கையில். அரசு தரும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து அவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தாலும் அதற்கான மெசேஜ் போவதெல்லாம் எர்ணாகுளத்துக்கு, ஏனென்றால் கணக்குத் தொடங்கும்போது வீட்டில் இருந்த ஒரே போன் வீட்டுக்காரருடையது. பணம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொழுந்தன் “இவ்வளவுதான் மைனி இருந்துச்சு” என்றால் சரி என்று வாங்கிக்கொள்வார். கொழுந்தன் நேர்மையான பையன்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் தன் பணம் எவ்வளவு என்பதை இன்னொருவர் வாயால் மட்டுமே கேட்டு வாழ்கிறவருக்கு நிம்மதி எங்கிருந்து வரும்?

இதே அக்காவைப் பீடிக்கடையில் பார்க்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். இத்தனை இலைக்கு இத்தனை தூளுக்கு இத்தனை பீடி என்பது அவருக்கு விரல் நுனியில். இலை மட்டமாக வந்தால் எத்தனை பீடி குறையும் என்று மனசுக்குள்ளேயே போட்டு, “இந்த இலையில ஆயிரம் எப்படி வரும், நீங்களே சுத்திக் காட்டுங்க” என்று கேட்டுவிடுவார். கழிவு என்று ஒரு கட்டை ஒதுக்கினால் பிரிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்வார். அங்கே அவரை ஏமாற்றி ஒரு பீடி எடுக்க முடியாது. வங்கி கவுன்டர் முன்னால் போனால் அதே வாய் அடைத்துப்போகிறது. “எனக்கு அதெல்லாம் மண்டையில ஏறாது” என்கிறார். ஏறாமல் இல்லை என்பது எனக்குப் பீடிக்கடையிலேயே தெரியும். ஆகவே என் கேள்வி வேறாக இருந்தது: அந்த இடத்தில் இருக்கிற தைரியம் இந்த இடத்தில் ஏன் வரவில்லை?

கணக்கைக் கண்ணால் பார்த்தது

“மொத்தம் எவ்வளவு கடன் இருக்கும்க்கா?” என்று கேட்டபோது, “மூணு லட்சத்துக்கு மேல இருக்கும்” என்றார். எப்படி அந்தத் தொகை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு கூட்டல் குறியைக்கூடக் காகிதத்தில் போட்டுப் பார்த்ததில்லை. போட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்.

சின்னவனின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து இருவருமாக உட்கார்ந்தோம். சொருகிவைத்திருந்த தபால்கள், கடன் அட்டைகள், அடகுச் சீட்டு, குழு பாஸ்புக் எல்லாவற்றையும் பீடித்தட்டில் பரப்பினோம். வந்தது இது. ஒரு நுண்கடன் நிறுவனத்தில் 40,000 வாங்கி மாதம் 2,115, இன்னும் 11 தவணை, அசலில் மிச்சம் சுமார் 20,700. இன்னொரு நிறுவனத்தில் 30,000 வாங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 740, இன்னும் 32 தவணை, மிச்சம் சுமார் 20,300. மகளிர் குழு மூலம் வாங்கிய வங்கிக் கடனில் அவர் பங்கு 50,000, மாதம் 1,660, மிச்சம் 32,600 போல. அடகுக்கடையில் மூன்றரைப் பவுன், 60,000-க்கு, இரண்டு ரூபாய் வட்டி, 14 மாதமாக வட்டி கட்டவில்லை, ஆக 76,800. கடைசியாக உள்ளூரில் ஒருவரிடம் 20,000, அஞ்சு வட்டி.

மொத்தம் 1,70,400.

அக்கா அந்தத் தொகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “மூணு லட்சம் இல்லயா?” என்றார். எல்லோருக்கும் இப்படி நடக்காது. நோட்டில் வரும் தொகை பயந்ததைவிடப் பெரிதாகப் போன வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அங்கேயும் எழுதிப் பார்த்தது நல்லதற்குத்தான் ஆனது, ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு மனசுக்குள் ஓடுகிற கணக்குக்குக் கடைசி வரி என்று ஒன்று கிடையாது, தாளில் எழுதிய கணக்குக்கு உண்டு.

இதில் என்னை அதிர வைத்தது கடைசிக் கடன். அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், வருடத்துக்கு 60 சதவீதம். மாதா மாதம் 1,000 ரூபாய் வட்டி தவறாமல் கொடுத்திருக்கிறார், 19 மாதம். 19,000 கொடுத்தும் 20,000 அப்படியே நிற்கிறது. மற்ற தவணைக்கெல்லாம் பயந்தவர் இதற்குப் பயப்படவே இல்லை, “அது ஒரே ஆயிரம்தான், சரியா போயிரும்” என்றார். அசல் குறைகிற கடனும் குறையாத கடனும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டபோதுதான் அவருக்கு முகம் மாறியது. பீடிக்கடைக் குரல் முதன்முறையாக வீட்டுக்குள் வந்தது: “அப்ப நான் இன்னும் ஒரு வருஷம் கட்டுனாலும் இருவதாயிரம்தானா? இது என்ன கணக்கு?”

வரவு என்று பார்த்தால், நாளுக்கு அறுநூறு எழுநூறு பீடி, மாதத்துக்கு 4,000 ரூபாய் போல. வீட்டுக்காரர் அனுப்புவது 12,000. உரிமைத்தொகை 1,000. ஆக 17,000. போகிற தவணையும் வட்டியும் சுமார் 6,400, கட்டாமல் ஏறிக்கொண்டிருக்கும் நகை வட்டியையும் சேர்த்தால் 7,600. நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து வைத்திருக்கும் விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே பாதி 8,500. ஆக விதி மீறப்படவில்லை, காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் வீட்டுக்காரர் பணம் ஒரு மாதம் பத்தாம் தேதி வரும், ஒரு மாதம் இருபத்தைந்தாம் தேதி, ஹோட்டலில் வியாபாரம் இல்லையென்றால் பாதிதான் வரும். தவணை தேதிகள் மட்டும் நகராது. பணம் வராத வாரங்களில் அவர் கையில் இருப்பது பீடிக்கூலி ஆயிரமும் உரிமைத்தொகையும்தான். சராசரி போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த வீட்டில் சிக்கலே தெரியாது. அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதெல்லாம் தேதிகளுக்கு நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தில்தான்.

கடன் எங்கிருந்து வந்தது

குடிக்கு, சினிமாவுக்கு, சேலைக்கு ஒரு ரூபாய் போகவில்லை. 60,000 நகைக்கடன் மாமியார் இடுப்பெலும்பு முறிந்தபோது. 40,000 வீட்டுக்கு மேற்கூரை. 30,000 மகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும், முந்தைய தவணை ஒன்றை அடைக்கவும். அஞ்சு வட்டிக் கடன்தான் ரகசியம். வீட்டுக்காரரின் தங்கை மகளுக்குச் சடங்கு. மாமன் சீர் செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் 15,000 அனுப்பி “இதுல முடிச்சிரு” என்றார். அதில் முடியாது என்று அக்காவுக்குத் தெரியும், அவரிடம் கேட்டால் சண்டை வரும் என்றும் தெரியும், சீர் குறைந்தால் நாளைக்கு “அண்ணன் பெண்டாட்டி கையைச் சுருக்கிட்டா” என்று பேச்சு வரும் என்றும் தெரியும். 20,000 வாங்கிச் சபையில் தட்டு நிறைய வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். பொங்கப்படி, கோயில் கொடை வரி, மொய் என்று நம் பக்கம் ஒரு வருடத்துக்குள் வந்துபோகும் செலவுகளைக் குடும்பச் செலவுக் கணக்குப் போடச் சொல்லித்தருகிற எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. அந்தச் செலவுக்குத்தான் பெண்கள் ரகசியக் கடன் வாங்குகிறார்கள்.

இந்த மாவட்டத்தில் வட்டி என்ற சொல்லுக்கே ஒரு கனம் உண்டு. 2017 அக்டோபரில் கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டது. அக்கா அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். “அதுக்குப் பொறவு வட்டிக்காரர் வீட்டு வழியா போகவே கால் வராது” என்றார். அதிக வட்டி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னபோது அவர் அதில் ஆறுதல் காணவில்லை, “ஒரே ஊருல இருந்துக்கிட்டு கேஸா போட முடியும்?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் வேறு வழி பார்த்தோம்.

மண்டையில் ஏறாது என்ற பேச்சு

இதற்கு நடுவில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், அக்காவிடமும் சொன்னேன். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் செய்தது, 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. கரும்பு வெட்டுக்கு முன்னால் கையில் காசில்லாமல் இருக்கும் நேரத்தில் ஒருமுறை, வெட்டு முடிந்து பணம் வந்த பிறகு ஒருமுறை, அதே ஆட்களுக்கு யோசனைத் திறனைச் சோதிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். காசில்லாத நேரத்தில் அதே ஆள் குறைவாகவே செய்தார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, மூளை மாறவில்லை. பணக்கவலை மனசில் இடத்தை அடைத்துக்கொண்டதுதான் வித்தியாசம். அக்கா இதைக் கேட்டுவிட்டு, “அப்ப செவ்வாக்கிழம நான் எதுவும் முடிவு பண்ணக் கூடாது” என்றார். ஆராய்ச்சியாளர்கள் சொல்லாத, ஆனால் முழுக்க சரியான முடிவு. அன்றிலிருந்து தவணை நாளில் புதுக் கடன் பேச்சு, கடனை உயர்த்தித் தருகிறோம் என்ற பேச்சு எதற்கும் பதில் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். “நாளைக்குச் சொல்லுதேன்” என்பதுதான் பதில்.

குழுவில் வாய் திறந்தது

நோட்டைப் பார்த்ததும் முதலில் எதை மாற்றலாம் என்பது தெளிவாகவே இருந்தது. மூன்றரைப் பவுன் இரண்டு ரூபாய் வட்டியில் கிடக்கிறது. அதே நகையைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைத்தால் ஒரு ரூபாய்க்கும் குறைந்த வட்டி. அடகு வைத்த நாளைவிடத் தங்கம் விலை ஏறியிருந்ததால் கூடுதல் தொகையும் கிடைக்கும், அந்தக் கூடுதலில் அஞ்சு வட்டிக் கடனையும் அடைத்துவிடலாம். ஆனால் நகையை முதலில் மீட்டால்தானே அங்கே கொண்டுபோக முடியும். மார்ச் மாதக் கணக்குக்கு 79,200 வேண்டும். எங்கே போவது?

அவருடைய மகளிர் குழுவில் 12 பேர். வருடக்கணக்கில் சேர்ந்த சேமிப்பு லட்சத்தைத் தாண்டி இருந்தது. உள்கடன் கேட்கலாம், மூன்றே நாளுக்கு. கேட்க வேண்டுமென்றால் எல்லோர் முன்னாலும் நகை அடகில் இருப்பதையும் அஞ்சு வட்டிக் கடனையும் சொல்ல வேண்டும். இதற்குத்தான் அக்காவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். போனில்தான் சொன்னார், நேரில் சொல்ல முடியாது என்று. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கூப்பிட்டு, “என் தங்கச்சி மகளுக்குத்தான வாங்குன, எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா” என்று மட்டும் கேட்டாராம். இது எல்லா வீட்டிலும் இப்படிச் சுமுகமாக முடியாது. அடிதடி நடக்கும் வீடுகளில் சொல்லிவிடு என்று யோசனை சொல்ல எனக்கு மனம் வராது, அங்கே வேறு பாதுகாப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

குழுக் கூட்டத்தில் அக்கா பேசியது நாலைந்து வரிதான். தலைவி கோபப்பட்டார். “ரெண்டு வருஷமா இங்கன உக்காந்துக்கிட்டு அஞ்சு வட்டிக்குப் போயிருக்க, ஒரு ரூவா வட்டிக்கு நம்ம பணம் பெட்டியில கிடக்கு, எங்களை என்ன நினைச்ச?” என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஓரத்தில் இருந்த ஒரு பெண், தனக்கும் இருக்கிறது என்றார், எட்டு வட்டியில். தீர்மானம் எழுதி 12 பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று நாளில் நகை மீண்டது, கூட்டுறவுச் சங்கத்தில் 1,00,000-க்கு வைத்தார்கள், குழுப் பணம் திரும்பியது, அஞ்சு வட்டிக்காரருக்கு 20,000 போனது.

அந்தக் கடைசி வேலைக்கு அக்கா தனியாகப் போகவில்லை, தலைவியையும் கூட்டிக்கொண்டு போனார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் புரோநோட்டைக் கையில் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம், ஏனென்றால் தொகை எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். “வீட்டுல தேடி எடுத்து வைக்கேன், பொறவு வாங்க” என்றார் வட்டிக்காரர். அக்கா, “எடுத்துட்டு வாங்கண்ணே, நாங்க இருக்கோம்” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் நோட்டு வந்தது. முன்பு நகைக்கும் இந்தக் கடனுக்குமாக மாதம் 2,200 வட்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஆயிரத்துக்கும் கீழே. நகைக்கடனை வருடத்துக்குள் திருப்ப வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

கவுன்டர்

வங்கி விஷயத்தில் நான் கூடப் போகவில்லை, வேண்டுமென்றே. போன் எண்ணை மாற்றும் படிவத்தை வீட்டிலேயே மகள் உதவியோடு நிரப்பி, ஆதார் நகலை இணைத்து, என்ன கேட்பார்கள் என்ன சொல்ல வேண்டும் என்று பேசிப் பார்த்துவிட்டுப் போனார். முதல் நாள் “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் போனார். பாஸ்புக் பதியும் இயந்திரத்தில் இரண்டு வருடத்து வரிகள் வரிசையாக விழுந்தபோது அதில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிந்திருப்பதைப் பார்த்து அவருக்குத் திக்கென்றது. பணம் காணாமல் போகிறது என்று ரொம்ப நாளாக அவருக்குள் இருந்த சந்தேகம் இதுதான். கவுன்டரில் கேட்டார். 436 ஆயுள் காப்பீடு, 20 விபத்துக் காப்பீடு, இரண்டிலும் இரண்டு லட்சம், அவர் எப்போதோ கையெழுத்துப் போட்ட படிவத்தின்படி ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறது என்று அந்த அலுவலர் பொறுமையாகவே சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் திருட்டு என்று நினைத்தது தனக்கான காப்பீடு என்று தெரிந்துகொண்டு வந்தார். வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்றும் அவரே கேட்டிருக்கிறார், அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏடிஎம் அட்டையைக் கொழுந்தனிடம் கேட்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. நம்பவில்லை என்று ஆகிவிடுமே. மகள்தான் வழி சொன்னாள்: “சித்தப்பா, அம்மாவுக்குப் பழக்கணும், அட்டையக் குடுங்க, கூட வந்து சொல்லிக்குடுங்க.” அவனும் கூடப் போய்ச் சொல்லிக்கொடுத்தான். ரகசிய எண் மாற்றப்பட்டது, உறவும் கெடவில்லை.

நுண்கடன் கூட்டங்களில் நடந்த மாற்றம் மெதுவாக வந்தது. கடன் அட்டையில் வட்டி எவ்வளவு என்று வாசித்தார். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்ற விதியைத் தெரிந்துகொண்டு, “இன்னைக்கு மொத்தமா அடைச்சா எவ்வளவு?” என்று கேட்டார். அடைக்கப் பணம் இல்லை, ஆனாலும் கேட்டார். கேட்கலாம் என்பதே அவருக்குப் புதுசு. ஒருநாள் ராத்திரி எட்டரைக்கு வசூல் அழைப்பு வந்தபோது, “தம்பி, ஆறு மணிக்கு மேல கூப்பிடக் கூடாதுன்னு விதி இருக்குல்லா, காலையில ஒம்பது மணிக்குப் பொறவு பேசுங்க” என்று வைத்துவிட்டார். அது நிஜமான விதிதான், ரிசர்வ் வங்கி விதித்தது. கெட்ட வார்த்தை பேசினாலோ மிரட்டினாலோ நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், அது பலிக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரம் கேட்க 14448. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

சரிப்படாதவையும் உண்டு. தினச் செலவை எழுதுவது இரண்டு வாரம்கூட ஓடவில்லை. “பீடி சுத்துத கையில பேனா பிடிக்க நேரம் ஏது” என்றார், அதை விட்டுவிட்டோம். போனில் கணக்குப் போடும் செயலி ஒன்றை மகள் இறக்கித் தந்தாள், ஒருநாளும் திறக்கவில்லை. நிலைத்தது அந்தக் கோடு போட்ட நோட்டு ஒன்றுதான், அதிலும் கடன்கள் மட்டும், மாதம் ஒருமுறை. அப்புறம் தபால் அலுவலகத்தில் மாதம் 100 ரூபாய் ஆர்டி. முன்பும் சிறுவாடு பிடித்தவர்தான், ஆனால் அது டப்பாவில் இருந்ததால் யார் அவசரம் என்று வந்தாலும் போய்விடும். ஆர்டியை எடுக்க அவர் கையெழுத்து வேண்டும்.

2024 ஆகஸ்டில் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். ஒன்றரை மாதம் அங்கிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. பழையபடி தூக்கம் போனது, திங்கள் ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு நிறுவனத்தில் “இருக்குத கடனைக் கழிச்சிட்டு அம்பதாயிரமா தாரோம்” என்று வந்தார்கள். நாளைக்குச் சொல்லுதேன் என்று அனுப்பிவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தார், மூன்று தவணையில் முடியப்போகிற கடன் அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரத் தவணை ஒன்றைக் கட்ட முடியாது என்று முந்தின நாளே கூட்டத்தில் போய்ச் சொன்னார், ஒளியவில்லை. கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள், ஒருத்தி பேசாமல் இருந்தாள் ஒரு மாதம். அது வலித்தது என்று சொன்னார். ஆனால் புதுக் கடன் வாங்காமல் அந்த ஒன்றரை மாதத்தைத் தாண்டினார். அவருடைய பயம் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். பயம் வந்தபோது அதைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க ஒரு காகிதம் இருந்தது, கேட்க ஆள் இருந்தது, வேண்டாம் என்று சொல்ல வாயும் இருந்தது.

மகள் அந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வருகிறது. அந்தக் கணக்கைத் தொடங்கும்போது அக்கா முதலில் சொன்னது, போன் எண் அவளுடையதாகவே இருக்க வேண்டும் என்பது.

இப்போதைய நிலை: 2025 ஏப்ரலில் நோட்டின்படி இரண்டு நுண்கடன்களும் முடிந்துவிட்டன. குழு மூலம் வாங்கிய வங்கிக் கடனில் சில தவணைகளே பாக்கி. நகைக்கடனை 1,00,000-லிருந்து 70,000-க்கு இறக்கிப் புதுப்பித்திருக்கிறார். எட்டு வட்டியில் இருந்த பெண்ணுக்கும் குழு உள்கடன் கொடுத்தது, அவருடன் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது அக்கா.

முடியாமல் நிற்பது பிஎஃப். பீடித் தொழிலில் கூலியில் 10 சதவீதம் பிடித்தம், கடை தரப்பிலும் அதே அளவு. பதினைந்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறார்கள், எவ்வளவு இருக்கிறது என்று அதுவரை அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது 58,000 ரூபாய் போல இருந்தது. பத்து வருடப் பணிக்கணக்கு சரியாக இருந்தால் 58 வயதில் ஓய்வூதியமும் உண்டு, குறைந்தது மாதம் 1,000. ஆனால் பிஎஃப் பதிவில் அவர் பெயர் ஒருவிதம், ஆதாரில் இன்னொருவிதம், பிறந்த தேதியும் வேறு. கல்யாணமாகி வந்த புதிதில் யாரோ வாயால் சொல்லி யாரோ எழுதியது. திருத்த மனுவில் கடைத் தரப்புக் கையெழுத்து வேண்டும், அதற்கு நாலைந்து மாதமாக இழுத்தடிக்கிறார்கள். இங்கே மட்டும் எனக்குக் கவலை குறைவு, ஏனென்றால் இது பீடிக்கடை. “இந்த வாரம் கையெழுத்து வாங்காம தட்டை இறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்” என்று போன வாரம் சொன்னார். மனுவின் நகல் ஒன்றை என்னிடமும் கொடுத்து வைத்திருக்கிறார்.